ஸ்லைடரில் ஒரு தேதி, வரைபடத்தில் வேறு தேதி: நேரக் கட்டுப்பாட்டைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: வலை வரைபடம் ஒன்றில் பல வருடத் தரவை நேர வாரியாகக் காட்டுகிறோம். கீழே ஒரு ஸ்லைடர், பக்கத்தில் பிளே பட்டன். வேண்டிய தேதியில் நிறுத்த முடியவில்லை என்கிறார்கள் பயன்படுத்துபவர்கள். பிளே செய்தால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. சில நேரம் ஸ்லைடர் காட்டும் தேதிக்கும் வரைபடத்தில் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசியாகச் சொன்ன குறையிலிருந்து தொடங்குங்கள். தேதியில் நிற்காத ஸ்லைடர் எரிச்சல் தரும், திணறும் அனிமேஷன் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் தேதி ஒன்றும் படம் வேறொன்றுமாக நிற்கும் வரைபடம் தவறான தகவலைத் தருகிறது, பார்ப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. வெள்ளம் எந்த நாளில் எதுவரை வந்தது, காட்டுத்தீ எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பியது என்று அதை நம்பிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். எனவே ஒரு விதியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்: திரையில் பெரிதாக எழுதியிருக்கும் நேரம், இப்போது வரைபடத்தில் உண்மையில் வரையப்பட்டிருக்கும் தரவின் நேரமாக இருக்க வேண்டும். ஸ்லைடரின் குமிழ் நிற்கும் இடத்தின் நேரமாக இருக்கக் கூடாது. கீழே வரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த விதியிலிருந்து வருபவைதான்.

ஸ்லைடர் குறிப்பது கணமா, காலமா?

வெப்பநிலை, செயற்கைக்கோள் படம் போன்றவற்றுக்கு ஒரு கணம் போதும்: இந்த நேரத்தின் படம் இது. நிலநடுக்கம், விபத்து, புகார் போன்ற நிகழ்வுகளுக்கு ஒரு கணம் உதவாது. சரியாக அந்த விநாடியில் எதுவுமே நடந்திருக்காது. அவற்றுக்கு 'முந்தைய 7 நாட்கள்' மாதிரி ஒரு கால வரம்பு வேண்டும், அல்லது 'தொடக்கத்திலிருந்து இந்தத் தேதி வரை' என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லைக்கோடு, சாலை, கட்டடம் போன்றவை நான்காவது வகை. ஒரு நாள் தோன்றி, இன்னொரு நாள் மறைந்து, இடையில் இருந்துகொண்டே இருப்பவை.

இதை முடிவு செய்யாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்லைடரை மாட்டினால் 'மார்ச் 15' என்ற எழுத்துக்குப் பொருளே கிடையாது. 7 நாள் வரம்பு என்றால் 'மார்ச் 9 – 15' என்று முழுதாக எழுதுங்கள். இரட்டைக் குமிழ் வைத்தால், இரண்டையும் ஒன்றாக நகர்த்த நடுப்பட்டையைப் பிடித்து இழுக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் பார்க்க இரண்டு குமிழையும் தனித்தனியாக இழுக்க வேண்டிவரும்; வரம்பின் நீளமும் மாறிப்போகும்.

வரம்பின் ஓரங்களில்தான் எண்ணிக்கை கெடுகிறது. தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று வையுங்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்தால், சரியாக நள்ளிரவில் பதிவான நிகழ்வு அடுத்தடுத்த இரண்டு பிரேமிலும் (ஒரு நேரத்துக்கு உரிய ஒரு காட்சி ஒரு பிரேம்) வரும். இது அபூர்வமான நிலைமை என்று நினைக்க வேண்டாம். நாள் வாரியாகத் தொகுத்த தரவு முழுவதுமே 00:00 மணி முத்திரையோடுதான் இருக்கும். அதில் இரண்டு ஓரமும் சேர்ந்த '7 நாள்' வரம்பு எப்போதும் 8 நாளைக் காட்டும்.

இருந்து மறையும் பொருட்களுக்கு நிபந்தனை இது: பொருள் தொடங்கிய நேரம் வரம்பின் முடிவுக்கு முன்னால் இருக்க வேண்டும், பொருள் முடிந்த நேரம் வரம்பின் தொடக்கத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். பலர் இரண்டு நேரமும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது நூறு வருடமாக நிற்கும் கட்டடம், ஒரு வருட வரம்பில் காணாமல் போகும். முடிவுத் தேதி காலியாக இருப்பவை இன்னும் இருப்பவை. காலி மதிப்போடு ஒப்பிட்டால் ஃபில்டர் அவற்றை மறைத்துவிடும், எனவே தரவைத் தயாரிக்கும்போதே 9999 போன்ற தொலைதூர ஆண்டை அதில் நிரப்பிவிடுங்கள்.

ஒரு நாள் தள்ளிப்போவது எங்கே?

ஜாவாஸ்கிரிப்டில் '2024-03-01' என்று தேதியை மட்டும் கொடுத்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். அதே தேதியோடு நேரத்தையும் சேர்த்து, நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் கொடுத்தால் பயனரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளப்படும். ஒரு கோப்பில் முதல் வடிவமும் இன்னொன்றில் இரண்டாவதும் இருந்தால், இரண்டு லேயரும் (வரைபடத்தின் மேல் போடும் தரவு அடுக்கு) பல மணி நேரம் விலகி நிற்கும். யுடிசிக்கு 5:30 மணி முன்னால் உள்ள இடத்தில் முதல் வடிவம் காலை 5:30 என்று தெரியும். யுடிசிக்குப் பின்னால் உள்ள இடத்தில் இருப்பவருக்கு முந்தைய நாள் பிப்ரவரி 29 என்றே தெரியும்.

கணத்தைக் குறிக்கும் தரவு என்றால் யுடிசியில் சேமித்து, எந்த மண்டலத்தில் காட்டுகிறீர்கள் என்பதைத் தேதியின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆனால் 'அந்த ஊரில் அன்றைய மழை' மாதிரியான தரவு ஒரு கணம் அல்ல, ஒரு நாட்காட்டி நாள். அதை நேரமாக மாற்றவே வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்தாகவே கடைசிவரை கொண்டுபோங்கள். மாற்றாத தேதி மண்டலம் மாறித் தவறாது.

அடுத்த தேதிக்கு நகர்த்தும் கணக்கிலும் இதே கவனம் தேவை. ஒரு நாள் என்பதை 86,400,000 மில்லிவிநாடி என்று கூட்டிக்கொண்டே போனால், கோடைகால நேர மாற்றம் உள்ள இடங்களில் வருடத்தில் ஒரு நாள் 23 மணி நேரமும் ஒரு நாள் 25 மணி நேரமும் இருப்பதால், அந்த நாளுக்குப் பிறகு ஸ்லைடர் ஒரு மணி நேரம் விலகியே ஓடும். மாதக் கணக்கு இன்னும் மோசம். ஜனவரி 31-க்கு ஒரு மாதம் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணத் தேதிப் பொருள் மார்ச் 2 அல்லது 3-க்குப் போய்விடும். லக்ஸான் போன்ற நூலகம் பிப்ரவரியின் கடைசி நாளில் நிறுத்தும். அப்படிச் சரியாக நிறுத்தினாலும், முந்தைய விடையோடு மறுபடி கூட்டாமல், ஒவ்வொரு முறையும் தொடக்கத் தேதியிலிருந்து இத்தனை மாதங்கள் என்று கணக்கிடுங்கள். இல்லையென்றால் 31 ஒருமுறை 28 ஆனபின் எல்லா மாதமும் 28-லேயே நிற்கும்.

சர்வர் தானாக வேறு தேதியைக் கொடுக்கும்போது

டபிள்யூஎம்எஸ் (வரைபடத்தைப் படமாக அனுப்புவதற்கான பொதுத் தரநிலை) சேவைகள் தங்களிடம் என்னென்ன நேரத்தின் படங்கள் இருக்கின்றன என்பதைத் திறன் ஆவணத்தில் சொல்லிவிடும். தனித்தனி நேரங்களின் பட்டியலாகவோ, தொடக்கம் / முடிவு / இடைவெளி என்ற ஐஎஸ்ஓ 8601 (தேதி, நேரம் எழுதும் சர்வதேச முறை) வடிவத்திலோ அது இருக்கும். ஸ்லைடரை அந்தப் பட்டியலிலிருந்துதான் கட்ட வேண்டும். 'தினமும் இருக்கும்' என்ற ஊகத்தில் கட்டக் கூடாது. லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஒரே இடத்துக்கு 8 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. சென்டினல்-2 செயற்கைக்கோள் ஜோடி, நிலநடுக்கோட்டில் 5 நாளுக்கு ஒருமுறை. இவற்றின் மேல் தினசரி ஸ்லைடர் வைத்தால் பெரும்பாலான நிறுத்தங்களில் வெறுமை வரும், அல்லது சர்வர் தன்னிடம் உள்ள பக்கத்துத் தேதியின் படத்தைக் கொடுக்கும்.

இரண்டாவதுதான் ஆபத்து. பக்கத்து மதிப்பைக் கொடுத்தால் 99 என்ற எண்ணோடு ஓர் எச்சரிக்கை ஹெட்டரை (பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு) அனுப்ப வேண்டும் என்கிறது டபிள்யூஎம்எஸ் 1.3.0. ஆனால் சாதாரண படக் குறியின் வழியாக இறங்கும் டைலில் (வரைபடத்தை வெட்டிய சிறு சதுரத் துண்டு) ஹெட்டரை உங்கள் நிரலால் பார்க்கவே முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாக எடுத்தாலும், வேறு டொமைனில் உள்ள சர்வர் அந்த ஹெட்டரை வெளிக்காட்ட அனுமதித்திருந்தால்தான் படிக்க முடியும். எனவே தேர்வைச் சர்வரிடம் விடாதீர்கள். பட்டியலை முன்கூட்டியே வாங்கி, எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்து, அந்தச் சரியான நேரத்தை மட்டும் கேளுங்கள். அப்போது எழுத வேண்டிய தேதி உங்கள் கையில் இருக்கும்.

வேகம் வேறுபட்ட பல லேயர் ஒரே ஸ்லைடரில் ஓடும்போது, உதாரணமாக 10 நிமிட ரேடார், ஒரு மணி நேர வெப்பநிலை, சில நாளுக்கு ஒரு செயற்கைக்கோள் படம், ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் சொந்த நேரத்தை எழுதுங்கள். கேட்ட நேரத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ளதை எடுக்காமல், கேட்ட நேரத்தில் அல்லது அதற்கு முன்னால் உள்ள கடைசியை எடுங்கள். பக்கத்தில் உள்ளது சில சமயம் பின்னால் நடந்ததாக இருக்கும். காரணத்துக்கு முன்பே விளைவைக் காட்டிவிடும். எவ்வளவு பழையதுவரை காட்டலாம் என்று லேயருக்கு ஒரு எல்லையும் தேவை. ரேடாருக்கு 30 நிமிடம் தாண்டினால் மறைத்துவிட்டு 'இந்த நேரத்துக்குப் படம் இல்லை' என்று சொல்வதே நல்லது.

முன்னறிவிப்பு சேர்ந்தால் நேரம் இரண்டாகிறது: எந்த நேரத்துக்கான கணிப்பு, எப்போது கணிக்கப்பட்டது. ஸ்லைடர் முதலாவதை மட்டும் நகர்த்தட்டும், இரண்டாவதைத் தனி எழுத்தாகக் காட்டுங்கள். 'இப்போது' என்ற இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, அதற்குப் பிறகான பட்டைக்கு வேறு நிறம். அளந்ததையும் கணித்ததையும் ஒரே நிறத்தில் ஓட்டக் கூடாது.

இழுக்கும்போது படம் குழம்புவது ஏன்?

ஸ்லைடரை இழுக்கும்போது 'இன்புட்' நிகழ்வு விநாடிக்குப் பல முறை எழும். விட்டபிறகு ஒருமுறை 'சேஞ்ச்' எழும். இன்புட்டில் நேரடியாகச் சர்வரைக் கேட்டால் பல கோரிக்கைகள் ஒரே சமயத்தில் பறக்கும், கேட்ட வரிசையில் திரும்பி வராது. ஜூன் கேட்டுவிட்டு ஜூலை கேட்டிருப்பீர்கள். ஜூலை முதலில் வந்து வரையப்படும், பிறகு தாமதமாக வந்த ஜூன் அதன் மேல் விழும். ஸ்லைடரில் ஜூலை, படத்தில் ஜூன். நீங்கள் பார்க்கிற 'சம்பந்தமே இல்லை' குறைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மருந்து மூன்று பகுதி. குமிழ் நின்று 150 முதல் 200 மில்லிவிநாடி ஆனபின்தான் கோரிக்கை அனுப்புங்கள். புதிய கோரிக்கை போகும்போது பழையதைப் பிரவுசரின் அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்யுங்கள். ரத்தாகாமல் தப்பி வருவதைப் பிடிக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு உரிய பதிலை மட்டும் வரையுங்கள். குமிழை இழுக்கும்போது அதன் தலைக்கு மேல் சின்ன எழுத்தில், மங்கலாக, போக விரும்பும் தேதி உடனுக்குடன் மாறலாம். பெரிய எழுத்துத் தேதி மட்டும் படம் முழுதாக வரையப்பட்டபின் மாறட்டும்.

'முழுதாக' என்பதிலும் ஒரு சிக்கல். டைல் லேயரின் நேரத்தை நேரடியாக மாற்றினால் புதிய டைல் வரும்வரை பழைய டைல் கிடக்கும். திரையில் பாதி செவ்வாய், பாதி புதன். இதற்கு இரண்டு லேயர் வையுங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரிய, அடுத்த நேரத்துக்கு உரியது மறைவில் இறங்கட்டும். அது முடிந்ததும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். முடிந்ததைத் தெரிந்துகொள்ள வலை வரைபட நூலகங்களில் நிகழ்வுகள் உண்டு: லீஃப்லெட்டில் டைல் லேயரின் 'லோட்' நிகழ்வு, ஓப்பன்லேயர்ஸில் 'ரெண்டர்கம்ப்ளீட்', மேப்லிப்ரேயில் 'ஐடில்'. மேப்லிப்ரேயில் மறைவில் உள்ள லேயரின் விசிபிலிட்டியை அணைத்தால் அதன் டைல்கள் இறங்கவே இறங்காது. ஒளிபுகா அளவை 0 ஆக்கினால் இறங்கும். ராஸ்டர் டைல் (படமாக வரும் டைல்) மெதுவாகத் தெளியும் 300 மில்லிவிநாடி அங்கே இயல்பாகவே இருக்கிறது, அதையும் 0 ஆக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு பிரேம் மாற்றத்திலும் படம் மினுக்கும்.

வேண்டிய தேதியில் நிறுத்த முடியாதது

இது கணக்குப் பிரச்சினை. 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் ஸ்லைடருக்கு 300 பிக்சல் கிடைத்தால் அதிகம். 10 வருட தினசரித் தரவு சுமார் 3,650 நிறுத்தம். ஒரு பிக்சலுக்கு 12 நாள். ஒரு வருட மணிக்கணக்குத் தரவு 8,760 நிறுத்தம். ஒரு பிக்சலுக்கு 29 மணி நேரம். எவ்வளவு பொறுமையாக இழுத்தாலும் நடுவில் உள்ள நாட்களைத் தொடவே முடியாது. விரல் நுனி ஒரே சமயத்தில் பல பிக்சலை மூடிக்கொள்வது தனி.

நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் 3 பிக்சலாவது இருந்தால், அதாவது மேற்படி கைபேசியில் 100 நிறுத்தத்துக்குள் இருந்தால், தனி ஸ்லைடர் போதும். அதைத் தாண்டினால் ஸ்லைடரைத் தோராயமாகப் போய்ச் சேரும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு, துல்லியத்துக்கு வேறு வழிகளைச் சேருங்கள். முதலாவது, இரண்டு பக்கமும் 'முந்தையது', 'அடுத்தது' பட்டன். அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து நகர வேண்டும். 'அடுத்தது' என்பது அடுத்த நாட்காட்டி நாளுக்குப் போகாமல் தரவு உள்ள அடுத்த நேரத்துக்குப் போக வேண்டும். வெறும் நாட்களைத் தட்டித் தட்டிக் கடக்க யாரும் விரும்ப மாட்டார்கள். இரண்டாவது, தேதியைத் தட்டினால் நேரடியாக எழுதும் பெட்டி. பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டியே கைபேசியில் நன்றாக வேலை செய்யும். குறைந்தபட்ச, அதிகபட்சத் தேதியை மட்டும் மறக்காமல் கொடுங்கள். மூன்றாவது, ஜூம் ஆகும் டைம்லைன். நாசாவின் வேர்ல்ட்வியூவில் இருப்பதுபோல் ஆண்டு, மாதம், நாள், நிமிடம் என்று அளவை மாற்ற முடிந்தால், அதே 300 பிக்சலில் பத்து வருடமும் தெரியும், பத்து நிமிடமும் தெரியும். மேலே மொத்தக் காலத்தின் மெல்லிய பட்டை, அதில் இப்போது பார்க்கும் துண்டு தனி நிறத்தில் இருந்தால் எங்கே நிற்கிறோம் என்பது தொலையாது.

டைம்லைனின் மேலேயே தரவின் அடர்த்தியைச் சின்னச் சின்னத் தூண்களாக வரைந்துவிடுங்கள். எங்கே இழுக்க வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். ஒரே ஒரு பெரிய நாள் மற்ற எல்லாத் தூணையும் தரையோடு அமுக்கினால் வர்க்கமூல அளவுகோலுக்கு மாறலாம், மாறியதை எழுதிவிடுங்கள். 'நிகழ்வு எதுவும் இல்லை' என்பதையும் 'அளக்கவே இல்லை' என்பதையும் ஒன்றாக்காதீர்கள். அளக்காத காலத்தைச் சாய்கோடு போட்டுக் காட்டினால், கருவி பழுதாகிக் கிடந்த மாதத்தை அமைதியான மாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 1 அன்று மட்டும் உயரமான தூண் நின்றால் தரவைச் சந்தேகியுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்த பதிவுகளை யாரோ ஜனவரி 1 என்று நிரப்பியிருக்கிறார்கள். '1890' என்றால் அது 1890 ஜனவரி 1 முதல் 1891 ஜனவரி 1-க்கு முன்வரை உள்ள ஒரு காலம். மேலே சொன்ன வரம்பு நிபந்தனையில் அப்படியே பொருந்தும். வரலாற்று வரைபடங்களில் இது பெரிய விஷயம். ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு குறிச்சொல் வைக்கிறது. ஃபில்டர் செய்ய வசதியாக அதையே தசம ஆண்டாகவும் டைலில் சேர்க்கிறது. பழைய காலத்துக்குப் போகிறவர்கள் இரண்டு பொறிகளைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டை 50 என்று எண்ணாகக் கொடுத்தால் 1950 ஆகிவிடும். ஐஎஸ்ஓ முறையில் 0 ஆம் ஆண்டு உண்டு, எனவே கி.மு. 44 என்பது −43.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் அடிக்கடி வருவது: லீஃப்லெட்டில் ஸ்லைடரை இழுத்தால் வரைபடமும் கூடவே நகரும். கட்டுப்பாட்டின் பெட்டிக்குக் கிளிக், ஸ்க்ரோல் பரவலைத் தடுக்கும் இரண்டு செயல்கூறுகள் லீஃப்லெட்டிலேயே உள்ளன, அவற்றைப் பொருத்துங்கள். நீங்களே வரைந்த ஸ்லைடர் என்றால் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனை 'நன்' ஆக்க வேண்டும். செய்யாவிட்டால் கைபேசியில் இழுப்பதைப் பக்கத்தை நகர்த்தும் சைகையாகப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

பிளே பட்டன்

திணறலுக்குப் பொதுவான காரணம், நிலையான இடைவெளியில் ஓடும் டைமர். படம் வந்ததா இல்லையா என்று பார்க்காமல் அது அடுத்த பிரேமுக்குப் போய்விடும். கோரிக்கைகள் குவியும், வராத பிரேம்கள் தாவப்படும். சரியான வரிசை: அடுத்த பிரேம் தயாரா என்று பார், தயார் என்றால் காட்டு, குறைந்தபட்சக் காட்சி நேரம் முடியும்வரை காத்திரு, பிறகு அடுத்தது. தயாராகவில்லை என்றால் கடிகாரம் நிற்கட்டும், 'ஏற்றுகிறது' என்று சின்னக் குறி போதும்.

முன்கூட்டியே எத்தனை பிரேம் இறக்குவது என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். திரையில் 24 டைல், 48 பிரேம் என்றால் 1,152 கோரிக்கை. அதையே டைலாக வாங்காமல் திரைக்கு ஒரு முழுப் படமாக வாங்கினால் 48-தான். அனிமேஷனுக்கு நான் எப்போதும் முழுப் படத்தையே விரும்புவேன். டைல்தான் என்றால் மூன்று பிரேம் முன்னால் இறக்கிவைத்தால் சாதாரண இணைப்பில் ஓடும். பயனர் வரைபடத்தை நகர்த்தினால் முன்னால் இறக்கியது எதற்கும் ஆகாது, எனவே நகர்த்தும்போது பிளேயை நிறுத்திவையுங்கள்.

இரண்டு மணி நேர ரேடார், 10 நிமிட இடைவெளி என்றால் 12 பிரேம். ஒவ்வொன்றும் அரை விநாடி, கடைசி பிரேமில் ஒன்றரை முதல் இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு முதலிலிருந்து. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் மேகம் முன்னால் போய்ச் சட்டென்று பின்னால் குதிப்பதுபோல் தெரியும். சுற்று எங்கே முடிந்தது என்றே புரியாது. வேகத்தை '2 மடங்கு' என்று எழுதுவதைவிட '1 விநாடி = 1 நாள்' என்று எழுதினால் உடனே விளங்கும். நடுவில் பிரேம்கள் இல்லாத இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டினால் அந்த வேகக் கணக்கே பொய்யாகிவிடும். அந்த நேரத்துக்கு வெற்றுத் திரையும் 'படம் இல்லை' என்ற எழுத்தும் ஓடட்டும்.

இரண்டு ரேடார் படத்துக்கு நடுவே ஒன்றை மங்கவைத்து மற்றொன்றைத் தெளியவைத்தால் மழுமழுவென்று ஓடுவதுபோல் இருக்கும். செய்யாதீர்கள். மழைமேகம் நகர்ந்ததாகத் தெரியாது, ஒரிடத்தில் கரைந்து இன்னொரிடத்தில் முளைத்ததாகத் தெரியும். நடுவில் எங்கும் அளக்கப்படாத பாதி மழை ஒன்று உருவாகும். வாகனத் தடம் போன்றவற்றில் அடுத்தடுத்த புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இடையில் கணித்து நகர்த்தலாம். சிக்னல் இரண்டு மணி நேரம் இல்லாமல் போன இடத்தில் நேர்கோடு இழுத்து வண்டியை ஏரிக்குள் ஓட்டக் கூடாது. நிற அளவுகோலை எல்லா பிரேமுக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஒவ்வொரு பிரேமின் உச்ச மதிப்புக்கு ஏற்ப நிறம் மாறினால் வெயில் குறைந்த நாளும் சிவப்பாகவே எரியும்.

பிரவுசர் டேப் பின்னால் போனால் டைமர்கள் மெதுவாகும், அனிமேஷன் பிரேம்கள் நின்றுவிடும். திரும்பி வரும்போது எங்கோ தாவாமல் இருக்க, டேப் மறைந்ததும் பிளேயை நிறுத்திவிடுங்கள்.

புள்ளிகள் லட்சக்கணக்கில் இருந்தால்

மேப்லிப்ரேயில் ஃபில்டரை மாற்றினால் திரையில் உள்ள டைல்கள் பின்னணியில் மறுபடி கட்டப்படும். விநாடிக்குப் பத்து முறை மாற்றினால் தாங்காது. ஃபில்டருக்குப் பதில் ஒளிபுகா அளவை மாற்றினால் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவு ஒவ்வொரு பொருளின் தேதியைப் பொறுத்து மாறும் சூத்திரமாக இருந்தால் அதுவும் டைலை மறுபடி கட்டவைக்கும். போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் கிளிக்குக்குப் பதில் சொல்லும். மாதம் மாதமாக லேயரைப் பிரித்து, லேயர் முழுவதற்கும் ஒரே எண்ணாக ஒளிபுகா அளவை மாற்றுவது ஒரு வழி. கிளிக்கில் மறைந்த லேயர்களை விலக்க மட்டும் மறக்காதீர்கள். தேதிச் சொத்து எழுத்தாக இருக்க, ஃபில்டரில் எண்ணோடு ஒப்பிட்டால் எல்லாப் புள்ளியும் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான வேகம் வேண்டுமென்றால் டெக்.ஜிஎல் என்ற வரைபட நூலகத்தின் டேட்டாஃபில்டர் நீட்சி. வடிகட்டலை ஜிபியு (வரைகலைச் செயலி) செய்வதால் வரம்பை மாற்றுவதற்குக் கிட்டத்தட்ட செலவே இல்லை. இங்கே ஒரு நுட்பமான பிழை காத்திருக்கிறது. ஜிபியு வைத்திருப்பது 32 பிட் தசம எண். அதில் துல்லியம் 24 பிட்தான். 1970-லிருந்து எண்ணும் விநாடிகள் இன்று 170 கோடியைத் தாண்டிவிட்டன. அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி 128. அதாவது நேரம் 128 விநாடிக்கு ஒருமுறை படிப்படியாகத் தாவும், நிமிட அளவில் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தோன்றி மறையும். மில்லிவிநாடியில் கொடுத்தாலும் இடைவெளி 131 விநாடி. தீர்வு எளிது: தரவின் முதல் நேரத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள். 24 பிட்டில் 16,777,216 வரை முழு எண்கள் பிசகாமல் நிற்கும். விநாடியில் அது 194 நாள், நிமிடத்தில் கிட்டத்தட்ட 32 வருடம். எந்த அலகு போதும் என்று உங்கள் தரவின் நீளத்தை வைத்து முடிவு செய்யலாம்.

எல்லோராலும் இயக்க முடிய

தனியாக வரைந்த ஸ்லைடரைவிடப் பிரவுசரின் சொந்த ரேஞ்ச் ஸ்லைடரே நல்லது. அம்புக்குறி, ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் தாமாக வேலை செய்யும். ஆனால் திரைவாசிப்பான் அதன் உள் மதிப்பைத்தான் படிக்கும். '1709251200' என்று காதில் விழுந்தால் யாருக்கும் பயனில்லை. ஏரியா-வேல்யூடெக்ஸ்ட் பண்பில் படிக்கக்கூடிய தேதியை வையுங்கள். வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இன்படி, இழுத்துச் செய்வதை இழுக்காமலும் செய்ய முடிய வேண்டும், பட்டன்கள் குறைந்தது 24×24 பிக்சல் இருக்க வேண்டும், தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி வேண்டும். மேலே சொன்ன பட்டன்களும் தேதிப் பெட்டியும் முதலாவதை நிறைவேற்றிவிடும். பக்கம் திறந்ததும் தானாக ஓடவே வேண்டாம் என்பது என் கருத்து.

பார்க்கும் நேரத்தை யூஆர்எல்லில் மண்டலத்தோடு சேர்த்து எழுதுங்கள். இணைப்பை வாங்குகிறவர் அதே படத்தைப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் எழுதினால் பின்செல்லும் பட்டன் பாழாகும், சஃபாரி பிழையே எறியும். விட்டபிறகு ஒருமுறை போதும். 'நேரலை' என்பது தனி நிலை. அதில் இருப்பவரின் இணைப்பில் தேதியை உறையவைக்காமல் 'நேரலை' என்றே எழுதுங்கள். அவர் பின்னால் இழுத்ததும் நேரலை அணைய வேண்டும், புதிய தரவு வந்தாலும் அவர் பார்க்கும் இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

வெளியிடும் முன் சோதிக்க: கணினியின் நேர மண்டலத்தை ஹொனலுலு (யுடிசி −10), பிறகு ஆக்லாந்து (யுடிசி +12, கோடையில் +13) என்று மாற்றி அதே இணைப்பைத் திறந்து, தேதியும் புள்ளிகளின் எண்ணிக்கையும் மாறுகிறதா பாருங்கள். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைப்பை 3ஜி வேகத்துக்குக் குறைத்து, ஸ்லைடரை முன்னும் பின்னும் வேகமாக இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். எல்லாம் ஓய்ந்தபின் பெரிய எழுத்துத் தேதி, நெட்வொர்க் பட்டியலில் கடைசியாகக் கேட்ட நேரம், வரைபடத்தில் உள்ள படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அடுத்து, நள்ளிரவு 00:00 முத்திரையோடு ஒரே ஒரு புள்ளியை மட்டும் தரவில் வைத்து, ஒரு நாள் வரம்பில் மூன்று நாள் ஓட்டுங்கள். அது சரியாக ஒரு பிரேமில் மட்டும் தெரிய வேண்டும். இரண்டில் தெரிந்தால் வரம்பின் ஓரத்தையும், எதிலும் தெரியாவிட்டால் நேர மண்டலத்தையும் முதலில் பாருங்கள்.